மூளையின் சுரப்பும் மனிதனின் பொறுப்பும்

தன் செயலுக்கு மனிதன் தானே பொறுப்பாளி என்பது அறநெறியின் அடித்தளம். அறிந்து, விரும்பிச் செய்யும்போதுதான் நன்மை அவனுக்குப் புண்ணியமாகிறது, தீமை பாவமாகிறது. கல் தடுக்கிப் பிறர்மேல் விழுந்தவனை நாம் குற்றவாளி என்பதில்லை. வேண்டுமென்றே தள்ளியவனையே அவ்வாறு அழைக்கிறோம். எளிய இந்த வேறுபாட்டின்மீதே ஒப்புரவு அருட்சாதனமும் நிற்கிறது, ஊர்ப் பஞ்சாயத்தும் நிற்கிறது, நீதிமன்றமும் நிற்கிறது.

ஆனால், விருப்பம் என்பதே மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளின் விளைவு என்று ஒருவர் கூறினால் என்ன சொல்வோம்? டோபமின் என்னும் சொல் இன்று ஆய்வுக்கூடங்களை விட்டு வீதிக்கு வந்துவிட்டது. கைப்பேசியை விட்டு மீள முடியாமைக்கும், இனிப்பின்மீதுள்ள ஆசைக்கும், காதலுக்கும்கூட அதையே காரணமாகக் காட்டுவோர் உள்ளனர். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுள் சிலர், "எல்லாம் டோபமின் செய்யும் வேலை, ஆன்மாவுக்கும் மனச்சான்றுக்கும் இதில் என்ன இடம்?" என்று வினவுகின்றனர். இவ்வினாவை முகம் சுளித்து ஒதுக்குதல் தகாது. அதற்கு விடை காணச் சிறந்த களம் பார்க்கின்சன் நோய். ஏனெனில் இந்நோயில் டோபமின் குறைந்தால் மனிதன் என்ன ஆகிறான் என்பதையும், மருந்தால் அது மிகுந்தால் என்ன ஆகிறான் என்பதையும் ஒருங்கே காண முடிகிறது.

நோயும் அதன் வேரும்

1817ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் விவரித்த நோயாளிகள் ஆறு பேர்தாம். அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டே அவர் குறிப்பெடுத்தார். பின்னாளில் பிரான்சு நாட்டு நரம்பியல் அறிஞர் சார்க்கோ இந்நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். நம் நாட்டு ஆயுர்வேத மரபும் நடுக்கத்தைக் கம்பவாதம் எனப் பெயரிட்டு அறிந்திருந்தது.

நடுக்கம் இந்நோயின் ஒரு கூறு மட்டுமே. உடல் இறுகும், அசைவு மந்தமாகும், நடை குறுகும், குரல் தணியும், எழுத்து வரவரச் சிறுத்துப்போகும். முகத் தசைகள் அசையாமல் முகம் முகமூடி போலாகும். உள்ளே மகிழ்ந்தாலும் வெளியே சிரிப்புத் தோன்றாது. நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. இந்நோயாளிகளிடம் அப்பகுதி சிதைந்திருப்பதை 1919இல் பாரிசில் திரேத்தியாக்கோவ் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. டோபமினைச் சுரப்பவை அவற்றுள் சில இலட்சம் மட்டுமே. அந்தச் சில இலட்சத்துள் பெரும்பகுதி அழிந்தால், நாற்பது ஆண்டு நூற்பாலையில் உழைத்த கை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தவிக்கிறது.

இரு செடிகள்

டோபமினை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் நம் மண்ணின் செடிகள் இரண்டுக்குப் பங்குண்டு. இதனை நம்மவர் பலர் அறியார்.

ஒன்று சர்ப்பகந்தா. மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் நம் மருத்துவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய வேர் இது. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்தத்தை இது தணிப்பதைப் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1957இல் இந்த ரெசர்ப்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவற்றின் மூளையிலுள்ள டோபமின் வற்றியது. முயல்கள் காதுகள் தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பின்பு அவற்றுக்கு டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. மூளை டோபாவைக் கொண்டே டோபமினை ஆக்குகிறது. இவ்வாய்வுத் துறையில் ஆற்றிய பணிக்காகக் கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

மற்றொன்று பூனைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளில் படரும் கொடி இது. இதன் காயிலுள்ள சுனை மேனியில் பட்டால் அரிப்பெடுத்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர் 1937ஆம் ஆண்டிலேயே இதன் விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அப்பொருளால் மனிதருக்கு என்ன பயன் என்பது அன்று எவருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்தே கார்ல்சனின் முயல்கள் அதை உணர்த்தின. 1960இல் வியன்னாவில் எரிங்கர், ஹோர்னிகீவிச் ஆகியோர் இறந்த நோயாளிகளின் மூளையை ஆய்ந்து டோபமின் குறைவைக் கண்டனர். 1961இல் எல்-டோபாவை ஊசிவழி நோயாளிகளுக்கு அளித்தபோது, படுத்த படுக்கையாய் இருந்தவர்கள் எழுந்து நடந்தனர். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி வாய்வழியாகவே கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து இதுவே. பூனைக்காலி விதைப்பொடியையே நேரடியாகக் கொடுத்து ஆய்வுகள் நடந்துள்ளன; 2004இல் இலண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அவற்றுள் ஒன்று. அது பயன் தருகிறது என்றே கண்டனர். ஆனால் விதைக்கு விதை டோபாவின் அளவு மாறும். ஆகவே மருத்துவர் அறியாமல் நாட்டுமருந்துக் கடையில் பொடியை வாங்கி, மாத்திரையோடு கலந்து உட்கொள்வது ஆபத்து.

மகிழ்ச்சியா, வேட்கையா?

டோபமின் அசைவுக்கு மட்டும் உரியதன்று. 1954இல் கனடாவின் மொன்றியால் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையில் மின்கம்பியைப் பொருத்தினர். மூளையின் சில பகுதிகளைத் தூண்டிக்கொள்ள அவ்வெலிகள் ஓயாமல் நெம்புகோலை அழுத்தின. இப்பகுதிகளோடு டோபமினுக்குள்ள தொடர்பு பின்னர் வெளிப்பட்டபோது, அதனை இன்பத்தின் சுரப்பு என்று பலர் அழைத்தனர். இன்றும் நாளிதழ்களில் இப்பெயர் நிலவுகிறது.

ஆய்வாளர்கள் அதனோடு நிற்கவில்லை. அமெரிக்க அறிஞர் கென்ட் பெரிட்ஜ், டோபமினை இழந்த எலிகளின் வாயில் இனிப்பை வைத்தால் அவை சுவைத்து மகிழும் முகக்குறியைக் காட்டுவதைக் கண்டார். ஆனால் அவை எழுந்துபோய் அந்த இனிப்பைத் தேடா. சுவைக்கும் இன்பம் இருக்கிறது. தேடும் வேட்கை இல்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வும் இதனையொட்டியதே. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமின் அணுக்கள் துடித்தன. பழச்சாறு வருமுன் விளக்கு எரியும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, அவை பழச்சாற்றுக்குத் துடிக்கவில்லை. விளக்கைக் கண்டவுடனே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது துடிப்பு அடங்கியது. ஆகவே டோபமின், பெற்ற இன்பத்தைவிட, வரவிருப்பதை நோக்கிய எழுச்சிக்கே மிகுதியும் உரியது எனலாம். காலை நீட்டி ஓர் அடி வைக்கச் செய்வதும், ஒன்றை நாடி எழச் செய்வதும் இப்பொருளின் பணிகள். நம் முன்னோர் வேட்கை என்று அழைத்ததற்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வியப்புக்குரியது.

வேட்கை வரம்பு மீறும்போது

அறநெறிச் சிக்கல் இங்கேதான் எழுகிறது. எல்-டோபாவோடு, மூளையில் டோபமினைப் போலவே செயல்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளும் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகின்றன. இவை பலருக்குப் பெரும் நன்மை செய்கின்றன. ஆனால் இவற்றை உட்கொள்வோருள் சிலர், வாழ்நாளெல்லாம் சிக்கனமாய் இருந்தவர்கள், திடீரெனச் சூதாட்டத்தில் இறங்குகின்றனர். சிலர் தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவிக்கின்றனர். சிலர் அளவுமீறி உண்கின்றனர். சிலரைக் காமம் ஆட்டிப்படைக்கிறது. 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்தனர். மேற்சொன்ன வகை மருந்துகளை உட்கொண்டோருள் நூற்றுக்கு 17 பேரிடம் இத்தகைய கட்டுமீறல் காணப்பட்டது. அவற்றை உட்கொள்ளாதோரிடம் அது நூற்றுக்கு 7 பேர் அளவே. மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பலரிடம் அந்த வேகம் தணிந்துவிடுகிறது.

ஒப்புரவில் கேட்டதைப் பேசுதல் குருவுக்கு ஆகாது. எனவே எவரையும் சுட்டாமல், மருத்துவ நூல்கள் கூறும் நிலையை மட்டும் நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். தமிழகத்தில் 2003இல் லாட்டரி தடைசெய்யப்பட்டது. ஆனால் வாளையாற்றைத் தாண்டினால் கேரள லாட்டரிச் சீட்டு கிடைக்கும். கோவையில் குடியிருக்கும் முதியவர் ஒருவர், ஓய்வூதியத்தில் காசு காசாகச் சேர்த்தவர், பேத்தியின் திருமணத்துக்கென வைத்திருந்த பணத்தை மாதாமாதம் எல்லை கடந்து சென்று சீட்டில் இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறவினரிடம் பொய் சொல்லிக் கடன் பெறுகிறார். வீட்டார் கண்டுபிடித்து, "இந்த வயதில் இப்படியா?" என்று தூற்றுகின்றனர். அவரோ, "ஏன் செய்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை" என்கிறார். அவர் செய்தது பாவமா?

எளிதான இரு விடைகள்

எளிதான விடைகள் இரண்டு உண்டு. "எல்லாம் மருந்தின் வேலை, அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை" என்பது ஒன்று. "மனவுறுதி இருந்தால் அடக்கியிருக்கலாம், மருந்தைச் சாக்காகச் சொல்கிறார்" என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையின் ஒரு பாதியை மட்டுமே பற்றிக்கொள்கின்றன.

முதல் விடையை முடிவுவரை கொண்டு சென்று பார்ப்போம். வேதிப்பொருள் தூண்டியது என்பதற்காக ஒரு செயலுக்குப் பொறுப்பே இல்லையெனில், எந்தச் செயலுக்கும் எவரும் பொறுப்பில்லை. ஏனெனில் எல்லார் மூளையிலும் டோபமின் சுரக்கிறது. தாய் குழந்தையை அணைப்பதும், மருத்துவர் இரவெல்லாம் விழித்துச் சிகிச்சை செய்வதும், ஆய்வாளர் உண்மையைத் தேடுவதும் வெறும் சுரப்பாகிவிடும். இதைச் சொல்பவருடைய சொல்லும் ஒரு சுரப்பின் விளைவுதான் என்றால், அதனை உண்மையென்று நாம் ஏற்பதற்கும் காரணம் இல்லாமல் போகும். மேலும், பார்க்கின்சன் நோயே இவ்வாதத்துக்கு எதிர்ச்சான்று தருகிறது. டோபமின் வற்றிய மனிதன் விடுதலை பெற்றவனாய் இருக்கவில்லை. எழுந்து ஒரு குவளை நீரை மொள்ள விரும்பியும் முடியாமல் கட்டுண்டு கிடக்கிறான். மருந்து அவனுக்கு அச்செயலைத் திருப்பித் தருகிறது. எனவே மூளையின் சுரப்பு நம் சுதந்திரத்துக்குப் பகையன்று. அது இவ்வுலகில் செயல்படுவதற்கு வேண்டிய ஒரு நிபந்தனை. நிபந்தனை சிதையும்போது சுதந்திரமும் குறுகுகிறது. நிபந்தனை இருப்பதனாலேயே சுதந்திரம் பொய்யாகிவிடாது.

இரண்டாம் விடையோ, மனித இயல்பை அறியாத விடை. ஆன்மா வீணைக்கலைஞன் போன்றது, உடல் வீணை போன்றது என்று மறையுரைகளில் உவமை கூறுவதுண்டு. வீணை உடைந்தாலும் கலைஞன் குறைவுபடான் என்பது அதன் கருத்து. கேட்க இனிது, ஆனால் திருச்சபையின் போதனை இதனினும் ஆழமானது. ஆன்மா உடலின் உருவாக்கக்கூறு. இரண்டும் சேர்ந்த ஒருவனே மனிதன் என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். 1312இல் வியென் நகரில் கூடிய பொதுச்சங்கமும் இதை ஒட்டியே அறிவித்தது. உடலுறுப்பு ஊறுபடும்போது, ஆன்மாவிடம் அறிவாற்றல் இருந்தும், அதைக் கொண்டு செயல்பட முடியாமல் மனிதன் தடைப்படுகிறான் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அவர் எழுதினார். மூளை ஆய்வு இன்று கூறுவதைக் கேட்டு அவர் அதிர்ச்சியடைந்திருக்கமாட்டார். மூளை நோயுற்றால் துன்புறுவது கருவி மட்டுமன்று, அந்த மனிதனே.

பொறுப்பின் படிநிலைகள்

நாட்டின் சட்டம் இத்தகைய நிலையில் ஒரு கோடு போடுகிறது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும், மனநலக் குறைவால் தன் செயலின் இயல்பை அறிய முடியாத நிலையில் ஒருவன் செய்ததைக் குற்றமெனக் கொள்வதில்லை. கோட்டுக்கு இப்பால் குற்றம், அப்பால் குற்றமில்லை. நாம் கருதிய முதியவரோ கோட்டின்மேலேயே நிற்கிறார். அவர் தாம் செய்வதை அறிவார். அது தவறென்பதும் அறிவார். ஆனால் நிறுத்த இயலவில்லை. உரோமையருக்கு எழுதிய திருமடலின் 7ஆம் அதிகாரத்தில் பவுல் அடிகளார் தம்முள் உணர்ந்த பிளவை எண்ணிப் பார்த்தால், இந்நிலை மனித குலத்துக்கு முற்றிலும் புதியதன்று என்பது விளங்கும்.

அறநெறி இறையியல் கோடு போடுவதோடு நில்லாமல் படிநிலைகளையும் கணக்கிடுகிறது. அறிவும் விருப்பமும் இணைந்து எழுவதை மனிதச் செயல் என்றும், தாமாக நிகழ்வதை மனிதனிடம் நிகழும் செயல் என்றும் தோமா பிரித்தார். கை நடுங்குவது இரண்டாம் வகை; அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. விருப்பத்துக்கு முன்னெழும் உணர்ச்சி வேகம் பாவத்தின் கனத்தைக் குறைக்கிறது என்றும், அவ்வேகம் அறிவை முழுதும் மூடிவிட்டால் பழி நீங்கும், ஆனால் அந்நிலையை அவனே வலிந்து வருவித்திருந்தால் நீங்காது என்றும் அவர் தொடர்ந்து விளக்கினார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1735ஆம் எண்ணில், அறியாமை, அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள் முதலியன ஒருவரது பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் எனக் கற்பிக்கிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு அம்முதியவரை நோக்குவோம். மருந்து இவ்வாறு செய்யும் என்று எவரும் அவரிடம் சொல்லியிராத நாளில், அவர் சீட்டு வாங்கியது பெரும்பாலும் நோயின் தொடர்ச்சியே. அவரைப் பாவியென்று தூற்றுவது அநீதி. மருத்துவர் எச்சரித்த பின்னும், வீட்டார் கெஞ்சிய பின்னும், அவர் அதை மறைத்தால், சீட்டு வாங்கும் வேகத்துக்கு அவர் அவ்வளவாகப் பொறுப்பாளி அல்லர். மறைத்ததற்கு ஓரளவு பொறுப்பாளி ஆவார். மருந்து தரும் எழுச்சியை விரும்பி, மருத்துவர் சொன்ன அளவை மீறித் தாமே மாத்திரைகளைக் கூட்டிக்கொள்ளும் சிலரும் உள்ளனர் என மருத்துவ நூல்கள் பதிவு செய்கின்றன. தொடக்கத்தில் அவர்களுக்கு இருந்த தெரிவைக் கணக்கில் கொள்ளாதிருக்க முடியாது. எனினும் பின்னர் அது அடிமைத்தனமாய் மாறி, அத்தெரிவையே தின்றுவிடுகிறது என்பதையும் மறத்தலாகாது.

குற்றம் வேறு, பொறுப்பேற்றல் வேறு. குற்றம் இல்லாதபோதும் கடன் கடனே. வாங்கியதைத் திருப்புவது நீதி. தூண்டுதலை நேரே எதிர்த்து நிற்க இயலாதவர், தூண்டுதல் இல்லாத வேளையில் சில செயல்களைச் செய்யக்கூடும். பணப்பையையும் வங்கி அட்டையையும் மகளிடம் ஒப்படைக்கலாம். தமக்கு நேர்வதை மருத்துவரிடம் வெட்கத்தை விட்டுச் சொல்லலாம். சுருங்கிப்போன அவரது சுதந்திரம் அந்தச் சிறு இடத்தில் உயிரோடு இருக்கிறது. இறைவன் ஒருவரிடம் கணக்குக் கேட்பது அவருக்கு இருந்த அளவுக்கே என்பது நம் நம்பிக்கை. ஐந்து தாலந்து பெற்றவனுக்கு உரிய கணக்கை ஒரு தாலந்து பெற்றவனிடம் கேட்பது நீதியன்று.

மருத்துவருக்கும் குடும்பத்துக்கும் உள்ள பொறுப்பு இதனினும் பெரிது. இம்மருந்துகளைத் தொடங்கும் நாளிலேயே நோயாளியையும் வீட்டாரையும் அமர்த்தி, பணச்செலவிலும் பழக்கவழக்கத்திலும் மாற்றம் தெரிந்தால் உடனே தெரிவிக்கும்படி சொல்லிவைத்தல் வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும் இந்தப் பேச்சு ஒரு வீட்டையும் நிலத்தையும் காப்பாற்றிவிடும்.

குறைவதும் நோயே

வேட்கை மிகுவதுபோலவே குறைவதும் உண்டு. இது ஓசையின்றி நிகழ்வதால் எவரும் கவனிப்பதில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் பலரிடம் எதிலும் நாட்டமின்மை தோன்றுகிறது, மனச்சோர்வும் சேர்கிறது. நாள்தோறும் செபமாலை சொன்ன தாய் அதை எடுப்பதில்லை. திருப்பலிக்கு முதலாய் வந்தவர் வீட்டில் சாய்ந்து கிடக்கிறார். பேரன் பரிசோடு வந்து நின்றாலும் முகத்தில் அசைவில்லை. "பெரியவருக்கு நம்மீது பாசம் போய்விட்டது", "அம்மாவுக்குப் பக்தி குறைந்துவிட்டது" என்று வீட்டார் வருந்துகின்றனர். ஆன்மீக நூல்கள் கண்டிக்கும் சோம்பலை இதனோடு குழப்புதல் கூடாது. அது நன்மையை விட்டு விலகும் விருப்பம்; இது விரும்பும் ஆற்றலே நோயுற்ற நிலை. செபிக்க மனம் எழவில்லையே என்று அவர் வருந்தினால், அந்த வருத்தமே அவருடைய செபம் என்று துணிந்து சொல்லலாம். முதலில் அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அறிவுரை பின்னர் ஆகட்டும்.

எதிர்நோக்கும் ஏமாற்றும்

வான்கூவர் நகர ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட முடிவு ஒன்று சிந்திக்கத்தக்கது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போட்டனர். அது மருந்தாகவும் இருக்கலாம் என்று அவர்கள் நம்பினர். நம்பிக்கையோடு எதிர்பார்த்தவர்களின் மூளையில் உண்மையாகவே டோபமின் சுரந்தது. குணமடைவோம் என்னும் எதிர்பார்ப்பே, அவர்களுக்கு எது குறைவோ அதைச் சிறிது சுரக்கச் செய்தது.

இதைக் கொண்டு, "விசுவாசம் என்பதும் இவ்வளவுதான்" என்பார் உளர். அவ்வாறு முடிவு கட்ட இடமில்லை. எதிர்நோக்கு உடலையும் தொடுகிறது என்பதைத்தான் இவ்வாய்வு காட்டுகிறது. எதை எதிர்நோக்குகிறோமோ அது மெய்யா பொய்யா என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஆனால் நமக்கோர் எச்சரிக்கை இதில் உண்டு. செபக் கூட்டத்தில் கைவைத்துச் செபித்ததும் நோயாளி எழுந்து சில அடி நடக்கக்கூடும். அந்நேரத்து உற்சாகத்தில், "மாத்திரையை எறிந்துவிடு, அதுவே உன் விசுவாசத்துக்கு அடையாளம்" என்று எவரேனும் சொன்னால் அது கொடிய செயல். இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும் உடல் இறுக்கமும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். எதிர்நோக்கைக் கொடுப்பது அன்பு. பொய்யான உறுதியைக் கொடுப்பது திருட்டு. செபமும் மாத்திரையும் ஒரே கடவுளின் கொடைகள்; ஒன்றை எறிந்து மற்றொன்றைப் பெற வேண்டியதில்லை.

நம் வயல்களையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். 1982இல் கலிபோர்னியாவில், போதைக்காகச் செயற்கைப் பொருள் ஒன்றை ஊசியேற்றிக்கொண்ட இளைஞர் சிலர் திடீரெனப் பார்க்கின்சன் நோயாளிகள் போல உறைந்துபோயினர். அதில் கலந்திருந்த நஞ்சு, உடலில் சென்று, பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை ஒத்த பொருளாக மாறுவதை அறிந்தனர். அதன் பிறகு பூச்சிமருந்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகள் சுட்டியுள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் பாராகுவாட்டை விலக்கியது. ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு நோய் எதனால் வந்தது என்று உறுதி கூற இயலாது. ஆயினும் கொங்கு நாட்டுப் பருத்தி, மஞ்சள் வயல்களில், முகத்தில் துணிகூடக் கட்டாமல் கூலியாள் மருந்தடிக்கும்போது, அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தருவது நில உரிமையாளரின் கடமையா, தயவா? கடமை என்றே சொல்வேன். மூளை நோயுற்ற பின் ஒருவரது பொறுப்பு எவ்வளவு என்று ஆராயும் நாம், அந்நோய்க்கு வழிதிறக்கும் நம் பொறுப்பையும் ஆராய வேண்டும் அன்றோ?

ஒரு சாட்சி

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, திடகாத்திரமான அவரது நடையைக் கண்டவர் நம்முள் பலர். மனிதத் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி 1984இலேயே அவர் திருத்தூது மடல் ஒன்றை எழுதியிருந்தார். பின்பு நடுக்கம் அவரைப் பற்றியது. அது பார்க்கின்சன் நோய்தான் என 2003இல் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழா அன்று, அவர் தம் அறையின் சாளரத்தருகே வந்தார். பேச முயன்றார், குரல் எழவில்லை. கையால் சிலுவை அடையாளம் வரைந்து ஆசி வழங்கினார். ஏப்ரல் 2 அன்று இறைவனடி சேர்ந்தார்.

அந்நோய் அவரது ஆன்மாவைத் தொடவேயில்லை என்று நான் சொல்லமாட்டேன், அவரும் மனிதரே. குரலும் நடையும் முகபாவமும் பறிபோன பின்னும், எஞ்சியதைக் கொண்டு எதைச் செய்வது என்னும் தெரிவு அவருக்கு இருந்தது. அதை அவர் செய்தார். எல்லா நோயாளிகளுக்கும் அந்த அளவு எஞ்சுவதில்லை. எஞ்சாதவரும் கடவுளின் சாயலே. அவருக்காகத் தெரிவு செய்வது சுற்றியுள்ளவரின் பணியாகிறது.

நம் பங்குகளில் இந்நோயோடு வாழ்வோர் உள்ளனர். நடுக்கத்துக்கு அஞ்சி, நற்கருணை வாங்கக் கைநீட்டக் கூசி, கடைசி வரிசையிலேயே இருந்துவிடுகின்றனர். நற்கருணையை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுசெல்லுங்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் சொல்லை முடித்துக்கொடுக்க முந்தாதீர்கள். சற்றுப் பொறுத்தால் அவர்களே முடிப்பர். மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் அசையாததைக் கொண்டு மனத்தை அளவிடாதீர்கள். புதிதாய் ஒரு பழக்கம் தலைகாட்டினால், தூற்றுமுன் மருத்துவரைக் கேளுங்கள். மூளையின் சுரப்பு குறைந்தவரிடம் இறைவன் குறைத்தே கேட்பார்; அது குறையாத நம்மிடம் அவர் என்ன கேட்பார் என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றிடமே கேட்டுக்கொள்ளட்டும்.